பக்கத்து வளையம்

போன மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தோம். 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் உட்கார்ந்தபடி சுகமாகப் போய்விட்டது. ஏரிக்கரையில்தான் வினை. நூறடி நடப்பதற்குள் தொடை இரண்டும் கனத்து, கால் மரத்துவிட்டது. கம்பி வேலியைப் பிடித்துக் குனிந்து நின்றேன். ஒரு நிமிடத்தில் சரியானது. நிமிர்ந்து நடந்தால் மறுபடி அதே கதை. "தண்ணியில என்ன தாத்தா தேடுற?" என்கிறான் பேரன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் முப்பது வருஷம் குனிந்தே கிடந்த முதுகு இது. 2013இல் இடுப்புப் பக்க முதுகெலும்பில் நாலாவதான எல்4 எலும்பு, அதற்குக் கீழே இருக்கும் எல்5 மேல் முன்பக்கமாக நழுவி நரம்பை நசுக்க, நாலு ஸ்க்ரூவும் இரண்டு ராடும் போட்டு இரண்டையும் ஒன்றாக்கினார்கள். அந்த ஆபரேஷனைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முன் கக்கூஸ் போனால் எழுந்திருக்க ஆள் வேண்டும்.

எனக்கு வருத்தம் வேறு விஷயத்தில். "இனி ஆயுசுக்கும் அசையாது" என்று சொல்லி அனுப்பினார்கள். உண்மைதான், அசையவில்லை. அந்த மூட்டு பார்த்த வேலையை இனி யார் பார்ப்பது என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்திருக்க வேண்டிய ஆள் நான். கொலுசில் இரண்டு வளையத்தைப் பற்றவைத்தால் அந்த இடம் அறாது, ஒட்டியிருக்கும் வளையம்தான் தேயும். பழுதுக்கு வரும் கொலுசில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்!

இப்போது எம்.ஆர்.ஐ.யில் இணைத்த இடத்துக்கு நேர் மேலே, எல்3க்கும் எல்4க்கும் நடுவில் இருக்கும் ஜவ்வு வற்றியிருக்கிறது, பின்மூட்டு தடித்து நரம்புப் பாதை குறுகியிருக்கிறது. குனிந்தால் பாதை கொஞ்சம் விரியும். ஏரிக்கரை மர்மம் அதுதான். அமெரிக்காவில் 2004இல் வந்த ஓர் ஆய்வு, இப்படி இணைத்தவர்களில் பத்து ஆண்டுக்குள் சுமார் 36 சதவீதம் பேருக்குப் பக்கத்து மூட்டில் மறு ஆபரேஷன் தேவைப்படும் என்று கணக்கிட்டது. இதைவிடக் குறைத்துச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. வயசானால் எப்படியும் தேயும்தானே என்று வாதிடும் டாக்டர்களும் உண்டு. ஸ்கேனில் தேய்மானம் தெரிகிற எல்லோருக்கும் வலியும் வருவதில்லை. சரி, சண்டை அவர்களுக்குள் நடக்கட்டும். கத்தி வைக்குமுன் இதை நோயாளியிடம் சொல்ல என்ன தடை? எத்தனை மூட்டை இணைக்கப் போகிறீர்கள், இடுப்பின் இயல்பான வளைவு அப்படியே இருக்குமா, ஸ்க்ரூ போடும்போது மேல் மூட்டில் காயம் படாமல் பார்ப்பீர்களா? இந்த மூன்றையும் கேட்காமல் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்.

என் பங்கும் உண்டு. பிசியோதெரபியை ஆறே வாரத்தில் விட்டுவிட்டு, தீபாவளி ஆர்டர் என்று மறுபடி பலகைமுன் குனிந்தவன் நான்தான்.

போன வாரம் வேறொரு டாக்டரைப் பார்த்தேன். "எல்3ஐயும் சேர்த்து இணைச்சிடலாம்" என்றார். "அப்ப அதுக்கு மேல எல்2 என்ன சார் ஆகும்?" என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம், "முதல்ல மூணு மாசம் பிசியோவை ஒழுங்கா பண்ணிட்டு வாங்கய்யா" என்றார்.