குமிழி நின்றால் வைன் தயார் என்பது சரியல்ல

'குமிழி வருவது நின்றால் பழ வைன் தயார், போத்தலில் அடைக்கலாம்' என்று வீட்டில் வைன் செய்பவர்களுக்குச் சொல்லப்படுவதுண்டு. நுவரெலியாக் குளிரில் தயவுசெய்து இதை நம்ப வேண்டாம். இரவில் 10 பாகைக்குக் கிட்ட இறங்கினால் ஈஸ்ட் சாவதில்லை, உறங்கிவிடுகிறது. சீனி மிஞ்சிக் கிடக்கும். அதே போத்தல் கொழும்புச் சூட்டுக்குப் போனால் மறுபடி நொதித்து மூடி தெறிக்கும், கண்ணாடியே வெடிக்கவும் கூடும். ஆளைக் காயப்படுத்துகிற விசயம்.

ஒரு ஹைட்ரோமீட்டர் (திரவத்தில் மிதக்கவிட்டு, தண்ணீரை 1.000 என வைத்து அடர்த்தியை அளக்கும் கருவி) இருந்தால் யாரும் சரிபார்க்கலாம். கொஞ்சம் வைனை எடுத்து, 20 பாகைக்குக் கொண்டுவந்து, வாயு போகுமட்டும் நன்றாகக் கலக்கிவிட்டு மிதக்க விடுங்கள். சீனி தீர்ந்த வைன் 0.990 முதல் 0.998 வரை காட்டும். 1.010இல் நின்றால் நொதிப்பு முடியவில்லை. தொட்டியை 18–20 பாகை அறைக்கு மாற்றி, மூன்று நாள் கழித்துத் திரும்ப அளந்து பாருங்கள்.