7 நாள் ரிட்டர்ன் என்பது இலவச வாசிப்பு அல்ல

“அமேசானின் கிண்டிலில் மின்னூல் வாங்கி, 7 நாளுக்குள் படித்து முடித்துத் திருப்பிவிடுங்கள், நஷ்டம் அமேசானுக்குத்தான்” என்று ஒருவர் எழுதியிருப்பதில் இரண்டு தவறுகள்.

அந்த 7 நாள், கைதவறி வாங்கியதை ரத்து செய்யத் தரப்பட்டது. படித்து முடிக்க அல்ல. 10 சதவீதத்துக்கு மேல் படித்திருந்தால் தானாகப் பணம் திரும்பாது, வாடிக்கையாளர் சேவையிடம் கேட்டால் அவர்கள் பரிசீலிப்பார்கள் என்று விதியை மாற்ற, 2022 செப்டம்பரில் அமெரிக்க எழுத்தாளர் சங்கமான ஆதர்ஸ் கில்டிடம் அமேசான் ஒப்புக்கொண்டது. அடிக்கடி திருப்பினால் அந்த வசதியே பறிபோகலாம்.

நஷ்டம் யாருக்கு? பதிப்பகம் இல்லாமல் கிண்டிலில் நேரடியாக வெளியிடும் எழுத்தாளருக்கு. வரி நீங்கலாக 100 ரூபாய் நூல், எழுத்தாளரின் பங்கான ராயல்டி 35% என்றால், ரிட்டர்ன் ஆனதும் அவர் கணக்கிலிருந்து 35 ரூபாய் கழியும். தமிழில் விற்பதே சொற்பம். அதிலும் கை வைப்பதா?

தவறுதலாக வாங்கியிருந்தால் தயங்கவே வேண்டாம். அமேசான் கணக்கின் டிஜிட்டல் ஆர்டர்கள் பகுதியில், நூலைத் திறக்கும் முன்பே ரிட்டர்ன் கொடுங்கள். பிடிக்குமா என்ற சந்தேகமா? அதற்குத்தான் இலவச சாம்பிள். காசில்லாமல் படிக்க, பெங்களூரில் இருப்பவர்களுக்கு அல்சூர் தமிழ்ச் சங்க நூலகமும் கப்பன் பூங்கா மத்திய நூலகமும் இருக்கின்றன.