58 வயதானால் வேலையை விட்டு நிறுத்த வேண்டுமா?

“58 முடிந்தவர்களை வேலைக்கு வைத்திருந்தால் பி.எஃப். கணக்கு முடங்கும், முதலாளிக்கு அபராதம்” என்று காரைக்குடிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறு.

58 என்பது பி.எஃப்.புடன் (தொழிலாளர் வைப்பு நிதி) சேர்ந்த 1995 ஓய்வூதியத் திட்டத்தில் முழு ஓய்வூதியம் தொடங்கும் வயது, அவ்வளவுதான். வேலையில் நீடித்தால் பி.எஃப். பிடித்தமும் தொடரும்; அதற்கு உச்ச வயது கிடையாது. ஓய்வூதியத்தை 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4% கூடுதலாகவே கிடைக்கும். பி.எஃப். அமைப்பின் இணையதளத்தில் கேள்வி-பதில் பகுதியைப் பாருங்கள்.

ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் கண்ணாடி மேல் சாயச் சிமெண்டைச் சிந்தாமல் ஊற்றும் பெரியவரை நிறுத்திவிட்டு, போனில் ஆர்டர் பிடிக்கும் தம்பி யாரிடம் கை பழகுவார்? (அந்தத் தம்பிதான் எனக்கும் இதை அனுப்பினார்!)

வந்திருந்தால் அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்ப வேண்டாம்.