எத்தனை பாயிண்ட்?

ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, நட்டால் பத்து மாதம் கழித்துத்தான் காசு. தேமல் நோய், மாவுப்பூச்சி என்று அத்தனை நாளும் கவலைப்பட்டவனுக்கு, முதல் அறுவடையில்தான் இந்தப் பாயிண்ட் என்ற வில்லங்கம் புரிந்தது. வெறும் எடைக்கு விலை இல்லையாம். மாவுச்சத்தைப் பார்த்துத்தான் விலை; அந்த மாவுச்சத்து அளவுக்குத்தான் பாயிண்ட் என்று பெயர்.

சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குள் லோடு போனதும் கொஞ்சம் கிழங்கை எடுத்துக் கழுவி, தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்க்கிறார்கள். மாவு அதிகம் என்றால் தண்ணீரிலும் கனக்கும். சரி, கணக்கு நியாயம்தான். ஆனால் எந்தக் கிழங்கை எடுப்பது என்று தீர்மானிப்பவர் ஆலைக்காரராயிற்றே! தொடை பருமனில் கிழங்கு வண்டி நிறையக் கிடக்க, ஓரத்தில் இருந்த நோஞ்சான் வேர்களாகப் பார்த்து அள்ளுகிறார். போதாக்குறைக்கு முந்தின வாரம் மழை வேறு. "ஈரம் ஏறிப்போச்சுங்க, பாயிண்ட் நிக்காது" என்கிறார், முகத்தைக்கூடப் பார்க்காமல்.

திருப்பி ஏற்றிக்கொண்டு போகவா முடியும்? பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் பாய்ந்துவிடும். அது அவருக்கும் நன்றாகத் தெரியும். அப்புறம் ஒட்டியிருக்கும் மண்ணுக்கென்று எடையில் ஒரு கழிவு.

இதையெல்லாம் முடித்து டீக்கடைக்கு வந்தால், ஒருத்தர் விடாமல் கேட்கிறார்கள்: "மாப்ள, எத்தனை பாயிண்டு?"