இன்னொருக்கா ஓடி வாங்க

போன கிழமை இரவு 10 மணி இருக்கும். ஒரு தம்பி வட்ஸ்அப்பில் கேட்டார். "அண்ணா, இருபதாம் திகதி ஒரு ஹோம்கமிங் இருக்கு. வருவீங்களா?"

கலியாணப் படம் எடுக்கிற எங்கட தொழிலில் ஹோம்கமிங் என்றால் கலியாணத்துக்கு அடுத்த விருந்து. மாப்பிள்ளை பக்கத்து மேடை, பொம்பிளைக்கு இரண்டாவது சாரி, கேக், பாட்டு. நானும் பழக்கதோசத்தில் "எந்த ஹோல், எத்தனை பேர் வருவினம்" என்று கேட்டேன்.

"ஹோல் இல்லண்ணா, எயார்போட்."

விசயம் இதுதான். தம்பியின் அம்மா குவைத்தில் வீட்டு வேலை. ஏழு வருடத்துக்குப் பிறகு வருகிறார். கூட்டிப்போக வான்காரர் மட்டும்தான் வருவார் என்று அம்மாவிடம் சொல்லிவைப்பார்களாம். பிள்ளைகள் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பார்களாம். அம்மா தள்ளுவண்டியோடு வெளியே வந்ததும் எல்லோரும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பார்களாம். நான் அதை ஸ்லோ மோசனில் எடுத்துப் பாட்டுப் போட்டுக் கொடுக்க வேணுமாம். மாதிரிக்கு ஒரு வீடியோவும் அனுப்பினார். அமெரிக்கப் படைவீரர் ஒருவர் பள்ளிக்கூட மண்டபத்துக்குள் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறார், மகள் ஒரு கணம் உறைந்துபோய் நின்றுவிட்டு ஓடி வருகிறாள், சுற்றி நிற்கிறவர்கள் எல்லாம் அழுகிறார்கள். எனக்கும் கண் கலங்கினதுதான். மறைப்பதற்கு என்ன இருக்கு.

ஆனாலும் "ஏலாது தம்பி" என்றேன். அவருக்குக் கோபம். "வெளிநாட்டில இதுக்கெண்டே போட்டோகிராபர்மார் இருக்காங்க. நீங்க கலியாண வீட்டுக்குள்ளயே நில்லுங்க" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும்.

அமெரிக்காவில் படையினர் வீடு திரும்புவதைப் படம் எடுப்பது உண்மையிலேயே ஒரு தனித் துறை. படைக் குடும்பம் என்றால் காசு வாங்காமல் எடுத்துக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். நோர்போக், சான் டியேகோ மாதிரி கடற்படைத் துறைமுகங்களில் கப்பல் கரை சேரும்போது முதலில் இறங்கி முத்தம் கொடுப்பது யார் என்று சீட்டுக் குலுக்கி எடுக்கிற வழக்கமே இருக்கு. எந்த நாள், எந்தப் படையணி, எத்தனை மணி என்றெல்லாம் முன்கூட்டி இணையத்தில் போடக்கூடாது என்று குடும்பங்களுக்குச் சொல்லிவைப்பார்கள், பாதுகாப்புக்காக. அந்த நேரமும் ஒழுங்காக நிற்காது. விமானம் பிந்தும், நாள் மாறும். பிள்ளைகள் கையால் எழுதின அட்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சாமத்தில் கதிரையிலேயே நித்திரையாகிப் போவார்கள்.

அந்தக் காத்திருப்புப் படங்கள் சிலவற்றை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கட்டிப்பிடிக்கிற படங்கள் எல்லாம் எனக்கு ஒரே படம் மாதிரித்தான் தெரியும். காத்திருக்கிற முகங்கள் அப்படி இல்லை. ஒருத்தி லிப்ஸ்டிக்கை நாலாம் தரம் சரிசெய்கிறாள், இன்னொருத்தி வாசலைப் பார்க்காமல் வேண்டுமென்றே நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள்.

இந்தத் துறைக்கே தாய்ப்படம் ஒன்று இருக்கு. 'பர்ஸ்ட் ஒஃப் ஜோய்' (பொங்கி வருகிற சந்தோசம்) என்று பெயர். 1973 மார்ச் 17, கலிபோர்னியாவில் ட்ராவிஸ் விமானப்படைத் தளம். வியட்நாமில் 1967இல் விமானத்தோடு சுட்டு வீழ்த்தப்பட்டு ஐந்து வருடத்துக்கு மேல் போர்க்கைதியாக இருந்த லெப்டினன்ட் கேணல் ரொபர்ட் ஸ்டேர்ம் வந்து இறங்குகிறார். 15 வயது மகள் லொறி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வருகிறாள், கால் நிலத்தில் முட்டவில்லை. அவளுக்குப் பின்னால் தம்பிமார், தங்கச்சி, அம்மா. எடுத்தவர் அசோசியேட்டட் பிரஸ் படப்பிடிப்பாளர் ஸ்லாவா வீடர். அங்கே பெண்களுக்கான கழிவறையை இருட்டறையாக்கித்தான் அந்தப் பிலிமைக் கழுவினாராம். 1974இல் புலிட்சர் பரிசு.

ஸ்டேர்ம் விடுதலையான அன்றே அவர் கையில் ஒரு கடிதம் கொடுத்திருந்தார்கள். மனைவி எழுதினது, இனிச் சரிவராது என்று. படம் எடுத்த நாளுக்கு மூன்று நாள் முந்தி. அடுத்த வருடம் விவாகரத்து. பிள்ளைகள் எல்லோரும் அந்தப் படத்தைத் தங்கள் வீடுகளில் மாட்டியிருக்கிறார்கள், ஸ்டேர்ம் மட்டும் மாட்டவில்லை.

இதைக் கேட்டதும் "அப்ப அந்தப் படம் பொய்" என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளையின் சந்தோசம் முழு உண்மை. படத்தில் ஸ்டேர்மின் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். வீடர் நின்ற இடம் அது. ஆனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். லொறியைப் பார்த்து "இன்னொருக்கா ஓடி வா பிள்ள" என்று அன்று யாரும் சொல்லவில்லை.

நான் சொல்லியிருக்கிறேன்.

2012. வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு வருகிற பெண்களைப் பற்றி ஒரு நிறுவனம் கையேடு அடித்தது. "ஒரு நல்ல ரீயூனியன் ஷொட் வேணும்" என்றார்கள். மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றோடு இரவு வானில் ஏறினேன். பொலன்னறுவை, ஹபரணை, குருநாகல் என்று விடிய விடிய ஓட்டம். பிள்ளைக்கு ஆறு வயது. அம்மா போகும்போது இரண்டு வயது. வழியெல்லாம் அவள் அம்மம்மாவின் மடியில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள்.

கட்டுநாயக்கா எயார்போட்டில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றோம். அம்மா வந்தா. கறுப்பு அபாயா, தள்ளுவண்டியில் டேப் சுற்றின பெட்டி இரண்டு, ஒரு பிளாங்கட் பை. பெட்டியை விட்டுவிட்டு முழங்காலில் இருந்து கையை நீட்டினா. பிள்ளை ஒரு அடி பின்னுக்கு வைத்து அம்மம்மாவின் சாரியைப் பிடித்தாள். அம்மாவின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

அந்த நேரத்தில் நான் செய்த வேலையைக் கேளுங்கள். "அக்கா, கொஞ்சம் பின்னுக்குப் போய் இன்னொருக்கா வாங்க. அம்மம்மா, பிள்ளையக் கொஞ்சம் தள்ளி விடுங்க." மூன்றாம் தரம் பிள்ளை போனாள். பள்ளிக்கூட நாடகத்தில் மேடைக்குத் தள்ளிவிட்ட பிள்ளை மாதிரிப் போய்க் கட்டிப்பிடித்தாள். 70-200 லென்ஸ், பின்னால் எல்லாம் மங்கல், அம்மாவின் கன்னத்தில் கண்ணீர், அருமையான வெளிச்சம். கையேட்டின் அட்டையில் அதுதான் வந்தது.

மூலப் படத்தில் வலது ஓரத்தில் பிள்ளையின் முதுகில் அம்மம்மாவின் நாலு விரல் பதிந்து கிடக்கு. அதை வெட்டினது நான்தான்.

(அடுத்த வருடம், 2013இல், 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மாரை வீட்டு வேலைக்கு வெளிநாடு விடமாட்டோம் என்று அரசாங்கம் விதி கொண்டுவந்தது. கத்தாருக்கும் சவூதிக்கும் போன அப்பாமாரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அது வேறு கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

தம்பி அனுப்பின வீடியோவில் வந்தவர் படைவீரர் என்றபடியால் இதையும் சொல்லவேணும். நான் ஒரு படைவீரரின் ஹோம்கமிங்கும் எடுத்திருக்கிறேன். அம்பாறை டவுனில்.

அங்கே ஸ்டூடியோ வைத்திருக்கிற சிங்கள நண்பர் ஒருவருக்குக் காய்ச்சல். "மச்சான், நீ போய் எடு" என்றார். வீட்டுக்காரர் ஐ.நா. அமைதிப் படையில் லெபனான் போய் ஒரு வருடம் கழித்து வருகிறார். காரைதீவுச் சந்தியால் திரும்பி, சம்மாந்துறை வயலுக்குள்ளால் மோட்டார்சைக்கிளில் போகும்போது இரண்டு தரம் நிறுத்தித் திரும்பிவிட நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் 90ஆம் ஆண்டு போய் வராத ஆள் ஒருவர் இருக்கிறார். சீருடை வீடு திரும்புவதை நான் ஏன் கொண்டாட்டமாக எடுத்துக் கொடுக்க வேணும் என்று ஒரு குரல். காய்ச்சல்காரனுக்குக் கொடுத்த வாக்கு என்று இன்னொரு குரல். வாக்குத்தான் வென்றது. பெரிய மனசு என்று நினைத்துவிட வேண்டாம். அட்வான்சும் வாங்கியிருந்தேன்.

மனுசன் சீருடையில் வரவில்லை. ஜீன்ஸ், கசங்கின டீசேர்ட். வாசலில் தாயின் காலில் விழுந்து கும்பிட்டார். மேசையில் கிரிபத் (பாற்சோறு), வாழைப்பழம், ஏற்றின விளக்கு. இரண்டு வயது மகள் அவரைப் பார்த்தாள், பிறகு அம்மாவின் கையில் இருந்த போனைப் பார்த்தாள். போனைத் தொட்டு "தாத்தா" என்றாள். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. அவளுக்கு அப்பா அந்தப் போனுக்குள்தான் இருக்கிறார். வாசலில் நிற்கிற ஆள் யாரோ.

தூக்கப் போனார், கத்தினாள். வீட்டில் எல்லோருக்கும் முகம் வாடிவிட்டது. "பரவாயில்ல, திரும்ப எடுப்பம்" என்று யாரோ சொன்னார்கள். நான் கமராவை இறக்கினேன். கட்டுநாயக்காவின் அந்த நாலு விரல் ஞாபகம்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் ஒன்றும் பேசாமல் முற்றத்துக்கு இறங்கினார். மாமரத்தடியில் நின்று மனைவியின் போனுக்கு வீடியோ கோல் எடுத்தார். உள்ளே பிள்ளை கலகலவென்று சிரிக்கிறாள். அவர் போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி, கதைத்துக்கொண்டே, மெதுமெதுவாக நடந்து படியேறினார். பிள்ளை திரையைப் பார்த்தாள், நிமிர்ந்து ஆளைப் பார்த்தாள், திரும்பவும் திரையைப் பார்த்தாள்.

யன்னலுக்குள்ளால் ஒரே ஒரு படம் எடுத்தேன். மாமரம், மனுசன், கையில் போன். அவருக்கு அனுப்பினேன். வேறு எங்கும் போடவில்லை, போடவும் மாட்டேன். வரும் வழியில் வயல் வெளியில் நிறுத்தி ஒரு சிகரெட் பிடித்தேன். அந்த மனுசனைப் பற்றி எனக்குள் இருந்த கேள்வி ஒன்றும் தீரவில்லை. அந்தப் பிள்ளையில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இரண்டும் அப்படியே கிடக்கு.

நண்பர்கள் கேட்பார்கள், நீ எடுக்காவிட்டால் போனில் எடுக்கமாட்டார்களா என்று. எடுக்கட்டும். மச்சாள் எடுக்கிற ஆடின வீடியோ அந்த வீட்டுக்குள் கிடக்கும். காசு வாங்கின ஒருவன் நடுவில் நின்று, வெளிச்சம் சரியில்லை, முகம் தெரியவில்லை, இன்னொருக்கா என்று சொல்வதுதான் எனக்குச் சரிவரவில்லை. அதிலும் வருகிற ஆளுக்கே சொல்லாமல் செய்வது. ஏழு வருடம் இன்னொருவர் வீட்டில், இன்னொருவர் சொன்ன நேரத்துக்கு எழும்பி, சொன்ன உடுப்பை உடுத்து இருந்த மனுசி. ஊருக்கு வந்து கால் வைக்கிற முதல் நிமிசத்தையும் நாங்கள்தான் ஒழுங்குபண்ண வேணுமா?

வராதவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த மட்டக்களப்பு மாவட்டத்தில் வருகையைப் பற்றி எழுத ஏலாது. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமில் மட்டும் 158 பேரை இராணுவத்தினர் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்றைக்கும் காந்தி பூங்காவுக்கு முன்னால் அம்மாமார் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிற படங்கள் எங்களைப் போன்ற ஸ்டூடியோக்களில் பெருப்பித்தவைதான். அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம். பெருப்பிக்கப் பெருப்பிக்க முகம் புள்ளி புள்ளியாக உடையும். கரையோரத்தில் சுனாமி அள்ளினது போக மிஞ்சினது அவ்வளவுதான்.

என் மாமிக்கும் அப்படி ஒரு படம். மகன் போகும்போது அவனுக்கு 19. படத்தை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்ததில் கன்னத்துக்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு மடிப்புக் கோடு. 2019இல் அவனுடைய தம்பியின் மகளுக்குக் கலியாணம். ஆல்பம் கொண்டுபோய்க் கொடுத்த அன்று குடும்பப் படத்தைத் தடவிக்கொண்டு கேட்டா. "இதுல அவனையும் நிப்பாட்டித் தா மனே."

நாலு இரவு இருந்து செய்தேன். வேறு ஒருவரின் கோட் உடம்பு, அதற்கு மேல் அவன் முகம், வெளிச்சம் ஒத்துவர நிறம் மாற்றி. தம்பிக்கு 46 வயது, முன்வழுக்கை. பக்கத்தில் அண்ணனுக்கு 19. கணினியில் நான் எடுத்த ஒரே ஒரு ஹோம்கமிங் அதுதான்.

மாமி கன நேரம் பார்த்தா. "கன்னத்துல கோட்டை அழிச்சிட்டியா?"

"ஓம் மாமி, வடிவா இருக்கட்டும் எண்டு."

"எனக்கு அவன் முகத்துல கோடு இருக்கும். போட்டுத் தா."

திரும்பவும் போட்டுக் கொடுத்தேன்.

இதையெல்லாம் அந்தத் தம்பிக்குச் சொல்ல நேரம் இருக்கவில்லை. "அம்மாட்ட கேட்டிட்டுச் சொல்லுங்க, அவ ஓம் எண்டா வாறன்" என்று மட்டும் அனுப்பினேன். சேர்ப்ரைஸ் கெட்டுப்போகும் என்று இரண்டு நாள் பதில் இல்லை.

நேற்று ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. தம்பியின் குரல் இல்லை. பின்னால் தண்ணி ஓடுகிற சத்தம், கோப்பை கழுவிக்கொண்டே பேசியிருக்கிறா போல. "தம்பி, மகன் சொன்னவன். இறங்கின உடனே எல்லாம் வேணாம் மனே. தலையெல்லாம் நரைச்சிக் கிடக்கு, அதுகளுக்குத் தெரியாது. போன்ல எப்பவும் முக்காட்டோடதான் வாறநான். வீட்ட வந்து டை அடிச்சி, பத்து நாள் நல்லாத் திண்டு, நித்திரை கொண்டு எழும்புறன். அதுக்குப் பிறகு வாங்க. சின்னவளுக்கும் அப்பதான் என்னோட பழகியிருக்கும்."

அடுத்த மாதம் 2ஆம் திகதி பின்னேரம் என்று டயறியில் குறித்திருக்கிறேன்.