கால்சியத்தையும் பாருங்கள்
வயதானவர்களுக்கு வரும் சோர்வும் மறதியும் பெரும்பாலும் முதுமை மனச்சோர்வுதான் என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. என் பெரியம்மா யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார், மலச்சிக்கல் வேறு. மனச்சோர்வு மாத்திரைக்கு எதுவும் அசையவில்லை. அப்புறம் ரத்தத்தில் கால்சியம் பார்த்தால் 13! ஒரு டெசிலிட்டருக்கு சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம்தான் இருக்க வேண்டும். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருந்து ரத்தத்தின் கால்சியம் அளவைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பிகளில் ஒன்றில் சின்னக் கட்டி; அதுதான் கால்சியத்தை ஏற்றியிருந்தது. அதை எடுத்த பிறகு மெல்ல மெல்லப் பழையபடி பேச ஆரம்பித்தார். எல்லா மனச்சோர்வுக்கும் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை; ஆனால் தாகம், மலச்சிக்கல், குழப்பம் சேர்ந்து வந்தால் இந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்யுங்கள். மேலே கருத்துப் பகுதியில் லித்தியம் (மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் மாத்திரை) சாப்பிடுவதாக எழுதியிருக்கும் நண்பரே, நீண்டகால லித்தியமும் சிலருக்குக் கால்சியத்தை ஏற்றிவிடும்; நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.