அம்பாசடர் நீலப்புகை விட்டால் எஞ்சின் முடிந்ததா?
பழைய அம்பாசடர் நீலப்புகை விட்டு ஆயிலும் குடித்தால் டீசல் எஞ்சினை மாட்டுவதே லாபம் என்று சிலர் சொல்வது அவசர முடிவு. முதலில் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்: அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங், போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு). அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் பெரும்பாலும் கேஸ்கெட்தான். ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் புகைந்தால் வால்வு கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழல்), சீல் தேய்மானம். ஹெட்டோடு வேலை முடியும். செலவைத் தீர்மானிப்பது கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு. அதில் பேரிங்குக்குள் சுழலும் ஜர்னலை மைக்ரோமீட்டரில் அளந்து 0.010, 0.020 அங்குலம் குறைத்துக் கடைந்து அதற்கேற்ற பேரிங் போடலாம், ஏற்கெனவே 0.040 வரை கடைந்திருந்தால் வேறு கிராங்க் தேட வேண்டியதுதான். போர் தேய்ந்திருந்தால் ஸ்லீவ் (புது உட்குழாய்) அடிக்கலாம். காசை மிச்சம் பிடிக்க ரிங்கை மட்டும் மாற்றுகிறார்கள். போரின் மேல் விளிம்பில் நிற்கும் திட்டை எடுக்காவிட்டால் புது ரிங் அதில் இடித்து உடையும். டீசல் எஞ்சினுக்கு மாற்ற நினைப்பவர்களுக்கு: ஆர்டிஓ அனுமதி இல்லாமல் மாற்றினால் ஆர்சி, இன்சூரன்ஸ் இரண்டிலும் சிக்கல். 50 வயது கடந்த வண்டிகளுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவும் எஞ்சினை மாற்றியமைத்த வண்டிக்குக் கிடையாது.